மந்திரக்கோல் இருக்கிறது, பாண் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் சிறுவர் பக்கத்தில் வந்த மாயக்கதையை என் மகன் கடை வாங்கில் இருந்து சத்தமாக வாசித்துக் காட்டினான். இளவரசனிடம் நினைத்ததைத் தரும் மோதிரம் இருக்கிறது, அரக்கனைக் கொல்லப் போகிறான், வழியில் பஞ்சம் பிடித்த ஒரு ஊர் வருகிறது, பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுகிறான். "அப்பா, மோதிரம் சோறு தராதா?" என்று மகன் கேட்டான். எழுதியவருக்கு அது தோன்றவில்லை போல.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. மந்திரவாதிகள் ஏன் ஒளிந்து வாழ வேண்டும் என்று ஹரி பொட்டர் முதல் புத்தகத்திலேயே கேட்கிறான். தெரிந்தால் எல்லோரும் தங்கள் பிரச்சினையை மந்திரத்தால் தீர்க்கச் சொல்லி வந்து நிற்பார்களாம், அவனைக் கூட்டிப்போக வந்த ஹாக்ரிட் சொல்கிறார். நல்ல மனுஷர்தான், ஆனாலும் வசதி வந்ததும் கேற்றைப் பூட்டிக்கொள்கிற சொந்தக்காரரின் பேச்சு இது. சரி, வெறுமையிலிருந்து உணவை உண்டாக்க முடியாது என்று 2007இல் வந்த கடைசிப் புத்தகம் ஒரு விதி சொல்கிறது. அதே விதிப்படி, கையில் கொஞ்சம் இருந்தால் பெருக்கலாம்! அப்போ ஒரு பானைக் கஞ்சி போதுமே.

2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் இங்கே வள்ளங்கள் கரையில் கிடந்த நாட்களில், ஒரு றாத்தல் பாண் கேட்டுவிட்டு, காசை எண்ணிப் பார்த்து, "பாதி வெட்டித் தாங்க அண்ணா" என்றார் ஒரு அக்கா. முழுசாகக் கொடுத்துக் கொப்பியில் எழுதினேன், எனக்கும் பேக்கரியில் கடன்தான். அன்றைக்கு, இருப்பதைப் பெருக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்துத் தெருவில் ஒளிந்திருந்தார் என்று தெரிந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

நம்மிடம் மணிமேகலை இருக்கிறதே. அமுதசுரபியை வைத்து அவள் யாரையும் வெல்லவில்லை, எவ்வளவு தின்றும் பசி அடங்காத காயசண்டிகைக்கு ஊட்டினாள், சிறைக்கூடத்தை அறக்கோட்டமாக்கக் கேட்டு வாங்கினாள். அவளுக்கு முன் அந்தப் பாத்திரத்தை வைத்திருந்த ஆபுத்திரன் இன்னும் ஒரு படி மேல். கப்பல் விட்டுவிட்டுப் போய் ஆளில்லாத தீவில் தனித்து நின்றபோது, தன் ஒருவன் வயிற்றுக்காக அதைப் பயன்படுத்த மனமில்லாமல் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமலே உயிரை விட்டான்.

மகன் உங்கள் கதைக்குத் தொடர்ச்சி எழுதியிருக்கிறான், இத்துடன் வைத்திருக்கிறேன். இளவரசன் அந்த ஊருக்குத் திரும்பி வருகிறான், மோதிரம் மூன்று மூடை அரிசி தருகிறது, பங்கிடும்போது ஊர்த் தலைவர் ஒரு மூடையை ஒளித்துவிடுகிறார். அதை எங்கே பார்த்துப் பிடித்தானோ தெரியவில்லை.

கடைக்காரர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.