பெரியம்மாவின் கோடுபோட்ட நோட்டு

அன்புள்ள பெரியம்மா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அனுசாரம் எழுதின சாமி எந்த ஊருடா?" என்று கேட்டீர்கள். ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் அது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. ராத்திரி ஜெபம் முடிந்ததும் 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' என்ற அந்தப் பக்திப் புத்தகத்தை எடுத்துப் படித்து, பிடித்த வரியைக் கோடுபோட்ட நோட்டில் நீங்கள் எழுதிவைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால், அதை எழுதிய தோமஸ் அ கெம்பிஸ் வாழ்ந்த மடத்தின் கதையை, அதற்கு வித்திட்டவரிலிருந்து தொடங்கி விவரமாகவே எழுதுகிறேன்.

நெதர்லாந்தின் கிழக்கே டெவென்டர் என்றொரு வியாபார ஊர். அங்கே ஒரு பணக்காரத் துணி வியாபாரியின் மகன் கேர்ட் குரோட்டே. சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர். பாரிஸில் படித்து, வசதியாக வாழ்ந்து, பிறகு மனம் திரும்பினார். 1374-ல் தன் வீட்டையே ஏழைப் பெண்கள் தங்கி ஜெபிக்க விட்டுக்கொடுத்தார். குருப்பட்டம் பெறாமல், அதற்கு முந்தைய படியான தியாக்கோனாகவே இருந்து ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். குருக்களின் ஒழுக்கக்கேட்டை வெளிப்படையாகக் கண்டித்தார். 1383-ல் பிரசங்கம் செய்யத் தடை வந்தது. மறுவருடமே, கொள்ளைநோயில் கிடந்த நண்பரைப் பார்க்கப் போய், அதே நோயில் இறந்தார்.

ஒரு மடம் தொடங்குங்கள் என்று சாகும் தறுவாயில் சீடர்களிடம் சொன்னாராம். அவர் கண்ணால் பார்க்காத அந்த மடம்தான் விண்டஸ்ஹைம். ஸ்வோலே நகரத்துக்குப் பக்கத்தில், சீடர்களில் ஒருவர் கொடுத்த நிலத்தில், 1387-ல் ஆறு பேரோடு ஆரம்பமானது. 1395-ல் நான்கு மடங்களின் கூட்டமைப்பானது. அடுத்த நூறு வருடத்தில் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி எங்கும் கிட்டத்தட்ட நூறு மடங்கள்.

அச்சு வராத காலத்தில் அந்த மடங்களில் எழுதுவதே ஒரு ஜெபம். விவிலியத்தைப் படியெடுக்கும்போது பழைய பிரதிகள் பலவற்றைப் பக்கத்தில் வைத்து, ஒப்பிட்டுத் திருத்தினார்கள். உங்கள் தோமஸ் அ கெம்பிஸ் இருந்தது இதே கூட்டமைப்பைச் சேர்ந்த புனித ஆக்னெஸ் மலை மடத்தில். அவருடைய அண்ணன் யான்தான் அதன் முதல் தலைவர். தோமஸ் எழுபது வருடத்துக்கு மேல் அந்த மடத்தைச் சேர்ந்தவராகவே வாழ்ந்து 1471-ல் இறந்தார். 1427 முதல் 1439 வரை உட்கார்ந்து, முழு விவிலியத்தையும் ஐந்து பாகங்களாகக் கையால் எழுதினார். பன்னிரண்டு வருடம், பெரியம்மா! அனுசாரம் அடங்கிய அவர் கைப்பிரதி ஒன்று பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. அதன் முடிவில், 1441-ல் சகோதரர் தோமஸின் கையால் எழுதி முடிந்தது என்று குறித்திருக்கிறார்.

இன்னொன்று சொன்னால் சந்தோஷப்படுவீர்கள். அந்தத் துறவிகள் ஆளுக்கொரு நோட்டு வைத்திருந்தார்கள். படித்ததில் மனசில் தைத்த வரிகளை அதில் எழுதிவைத்து, திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். ராபியாரியம் என்று அதற்குப் பேர். அனுசாரத்தின் துண்டு துண்டான வரிகளைப் பார்த்தால் அப்படி ஒரு நோட்டிலிருந்து முளைத்த புத்தகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு விஷயத்தை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 1455-ல் அதே கூட்டமைப்பு, தங்கள் கன்னியர் யாரும் தாங்கள் கண்ட காட்சிகளையும் ஞானப் போதனைகளையும் எழுதக் கூடாது, மீறினால் சிறை என்று சட்டம் போட்டது. பெல்ஜியத்தில், அதே கூட்டமைப்பைச் சேர்ந்த கெண்ட் நகரக் கன்னியர் மடத்துத் தலைவி அலைட் பாக்கே, தன் ஆன்மிக அனுபவங்களைத் தானே எழுதியவர். அதே வருடம் அவரைப் பதவியிலிருந்து இறக்கி, மடத்தைவிட்டே அனுப்பினார்கள். சீக்கிரமே இறந்துபோனார். ஏழைப் பெண்களுக்கு வீட்டைக் கொடுத்த குரோட்டேயின் வழிவந்தவர்கள் செய்த வேலை இது.

லீவுக்கு வந்தபோது உங்கள் நோட்டின் கடைசிப் பக்கங்களைத் தெரியாமல் புரட்டிவிட்டேன். பெரியப்பா போன பிறகு நீங்களே எழுதிய ஜெபங்கள். "சும்மா கிறுக்கினது, கிழிச்சுப் போடணும்" என்று பிடுங்கிக்கொண்டீர்கள். கிழித்துவிடாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது இரண்டு புது நோட்டு வாங்கி வருகிறேன்.

உங்கள் அன்பு மகன்