புடாபெஸ்ட் போகும் மகளுக்கு

அன்புள்ள குட்டிம்மா,

அக்டோபர் நடுவில் வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் போகிறேன், டான்யூப் ஆற்றுப் பாலங்களை எந்த வரிசையில் பார்க்கட்டும் என்று கேட்டிருந்தாய். வரிசை சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை தகர்த்ததில், 1945 ஜனவரி முடிவதற்குள் அந்த நகரத்துப் பாலங்கள் எல்லாமே உடைந்து ஆற்றில் கிடந்தன. நீ பார்க்கப் போவது எல்லாம் விழுந்து எழுந்தவை. ஒவ்வொன்றும் எப்படி விழுந்தது, ஏன் ஒன்று சீக்கிரம் எழுந்தது, ஒன்று பழைய உருவத்தில் எழவே இல்லை என்பது அதன் கட்டுமானத்திலேயே இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் உன்னை நடக்கச் சொல்கிறேன். படகில் ஏறிக் கீழே கடந்துபோனால் விளக்கு மட்டும்தான் தெரியும்.

கெலெட்டி ரயில் நிலையத்தில் இறங்கியதும் 24 மணி நேர டிக்கெட் எடுத்துக்கொள். அது நீ குறிப்பிடும் நேரத்திலிருந்து கணக்கு. பகல் 12-க்குத் தொடங்கினால் மறுநாள் பகல் 12 வரை செல்லும். காகிதத்தில் ஒற்றைப் பயண டிக்கெட் வாங்கினால் அதை இயந்திரத்தில் முத்திரை குத்தியே ஆகவேண்டும். மெட்ரோவில் எஸ்கலேட்டருக்கு முன்னாலும் டிராமில் வண்டிக்கு உள்ளேயும் அந்த இயந்திரம் இருக்கும். வெளியூர்க்காரர்கள் அபராதம் கட்டுவது பெரும்பாலும் டிக்கெட் வாங்காததால் அல்ல, குத்த மறந்ததால்தான். தெருவில் யாராவது பணம் மாற்றித் தருகிறேன் என்றால் நிற்காதே. நாலாம் எண் மெட்ரோ கெலெட்டியிலிருந்து நேராக ஃபோவாம் தேர் நிலையத்துக்குப் போகும். 'தேர்' என்றால் அங்கே சதுக்கம், 'ஹீத்' என்றால் பாலம். பலகைகளைப் படிக்க இந்த இரண்டு சொல் போதும்.

மேலே ஏறி வந்தால் எதிரே பச்சை நிறத்தில் நிற்பது சுதந்திரப் பாலம். முதலில் இதையே பார். 1896-ல் திறந்தது, வடிவமைத்தவர் ஃபெகெதெஹாஸி யானோஷ் (அங்கே குடும்பப் பெயர்தான் முன்னால் வரும், நம் இனிஷியல் மாதிரி). நீளம் 333.6 மீட்டர், நடுக்கண் (நடுவில் இரண்டு தூண்களுக்கு இடையிலான தூரம்) 175 மீட்டர். அப்போது பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் பெயர் அதற்கு. கடைசி ரிவெட்டை (இரும்புச் சட்டங்களை இணைக்கும் ஆணி) வெள்ளியில் செய்து அவர் கையால் அடித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சங்கிலியில் தொங்கும் பாலம் போலத் தெரியும். அது வெறும் தோற்றம். உண்மையில் இரண்டு தூண்களிலிருந்தும் ஆற்றுக்கு மேலே இரண்டு கைகள் நீண்டிருக்கின்றன, அந்தக் கைகளின் நுனியில் நடுத்துண்டு உட்கார்ந்திருக்கிறது. ஹவுரா பாலமும் இதே இனம்தான். நடைபாதையில் நின்று இரும்புச் சட்டங்களை உற்றுப் பார். பெயின்டுக்கு அடியில் அரைக்கோளமாகப் புடைத்து வரிசை வரிசையாக ரிவெட் தலைகள் தெரியும். கையை வைத்துக்கொண்டு நில், 47 அல்லது 49-ஆம் எண் டிராம் கடக்கும்போது அதிர்வு விரலில் ஏறும்.

1945-ல் இதன் நடுப்பகுதி போயிற்று. தூண்களும், அவற்றிலிருந்து நீண்ட கைகளின் பெரும்பகுதியும் தங்கின. கைகள் தம் பாரத்தைத் தாமே தாங்கும் அமைப்பு என்பதால் நடுவே போனதும் மற்றவை சேர்ந்து விழவில்லை. அதனால்தான் நிரந்தரப் பாலங்களில் முதலில் சரியானது இது, 1946 ஆகஸ்ட் 20-லேயே திறந்துவிட்டார்கள். உச்சியில் நான்கு கம்பங்களிலும் சிறகு விரித்து நிற்கும் பறவை துருல், ஹங்கேரியர்களின் புராணப் பறவை.

சாயங்காலம் இளைஞர்கள் அந்தச் சரிவான இரும்பின்மேல் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். நீ ஏறாதே. பெயின்ட் அடித்த இரும்பு பனியில் வழுக்கும், பக்கத்திலேயே டிராமின் மின்கம்பி போகிறது.

ஆற்றுக்கு மேற்குக் கரை பூடா, கிழக்குக் கரை பெஸ்ட். பாலத்தைக் கடந்து பூடா கரையில் இறங்கி வலது பக்கம் திரும்பி ஆற்றோரமாகவே நட. கெல்லேர்ட் மலை அடியில், ஆற்றில் நீர் மிகவும் குறைந்திருந்தால், ஒரு பாறை தலை காட்டும். 'பஞ்சப் பாறை' என்று பொருள்படும் பெயர் அதற்கு. அது தெரிந்தால் வறட்சி என்று அந்தக் காலத்தில் அர்த்தம். நீ போகிற மாதத்தில் பார்க்கக் கிடைத்தாலும் கிடைக்கலாம்.

ஒரு கிலோமீட்டருக்குள் வெள்ளை நிறத்தில் எலிசபெத் பாலம் வரும். நகரத்துக்குள் ஆறு மிகவும் குறுகுவது இங்கேதான், 290 மீட்டர். ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லாமல் 1903-ல் ஒரே கண்ணாகத் தாண்டினார்கள். சங்கிலிப் பாலங்களில் 1926 வரை உலகத்திலேயே நீளமான கண் அதுதான். குண்டுவைத்துத் தகர்த்தபோது திரும்பக் கட்ட முடியாத அளவு சிதைந்தது. சங்கிலிப் பாலத்தில் பாரம் முழுவதும் சங்கிலியில் தொங்குகிறது. ஓரிடத்தில் அது அறுந்தால் நடுவிலே எதுவும் தங்காது, தளம் மொத்தமாக ஆற்றுக்குப் போய்விடும். அப்படிச் சிதைந்துபோனதால், நீ பார்க்கும் நாலு பாலங்களில் இதை மட்டும் பழைய வடிவில் எழுப்பவில்லை. ஷாவோய் பால் வடிவமைத்து, 1964-ல் முறுக்குக் கம்பிக் கேபிளில் தொங்கும் புதுப்பாலம் திறந்தது. சுதந்திரப் பாலத்தின் ரிவெட்டைப் பார்த்த கண்ணோடு இதைப் பார். அலங்காரமாக எதுவும் இல்லை. பலர் சாதாரணம் என்று சொல்லித் தாண்டிப் போவார்கள். எனக்கு இந்த நாலில் நேர்மையானது இதுதான் என்று தோன்றுகிறது. பழையது மாதிரி நடிக்கவில்லை. ஆறு வரிசை வாகனம் வேகமாகப் போகும், சத்தம் காதை அடைக்கும். பூடா முனையில் சாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றுகின்றன. குறுக்கே ஓடாதே, நடப்பவர்களுக்கான படிக்கட்டைத் தேடிப் போ.

பெஸ்ட் கரைக்குக் கடந்து இடது பக்கம் திரும்பு. அடுத்த ஒரு கிலோமீட்டரில், பெயரே 'சங்கிலிப் பாலம்' என்று இருக்கும் பாலம். இதற்கு நேரம் கொடு, ஒரு மணி நேரமாவது. பாலம் வருவதற்கு முன் மிதவைப் பாலம்தான் இருந்தது, பனிக்கட்டி மிதக்கும் குளிர்காலத்தில் அதையும் எடுத்துவிடுவார்கள். 1820 டிசம்பரில் தந்தை இறந்த செய்தி கேட்டு வந்த செச்சேனி பிரபு, ஆற்றைக் கடக்க ஒரு வாரம் காத்திருந்தாராம். நிரந்தரப் பாலம் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதற்கு அதுவும் காரணம். வடிவமைப்பு ஆங்கிலேயர் வில்லியம் டியர்னி கிளார்க், களத்தில் நின்று கட்டியவர் ஸ்காட்லாந்துக்காரர் ஆடம் கிளார்க். பெயர் ஒன்று என்றாலும் உறவில்லை. 1849 நவம்பர் 20-ல் திறந்தார்கள், நடுக்கண் 202 மீட்டர்.

நடைபாதையில் நடுப்பகுதி வரை போ. சங்கிலி தூண் உச்சியிலிருந்து வளைந்து இறங்கி, அங்கே உன் கைக்குக் கிட்டத்தில் வந்துவிடும். சைக்கிள் செயினை மனதில் பெரிதாக்கிக்கொள். தட்டையான நீண்ட பட்டைகள் பக்கம் பக்கமாக அடுக்கி, முனைகளில் துளையிட்டு, ஒரே தடித்த முளையில் கோத்திருக்கிறார்கள். கரையில் இரண்டு முனையிலும் இந்தச் சங்கிலி நிலத்தடி அறைக்குள் இறங்கி நங்கூரமிட்டிருக்கிறது. மொத்தப் பாரத்தையும் இழுத்துப் பிடிப்பது அந்த அறைதான். திறப்பதற்கு முன்பே, ஹங்கேரியர்கள் ஆஸ்திரியாவை எதிர்த்து நடத்திய விடுதலைப் போரில், 1849 மே மாதம் ஆஸ்திரியப் படை பாலத்தைத் தகர்க்கப் பார்த்தது. ஆடம் கிளார்க் அந்த நங்கூர அறைகளில் தண்ணீரை நிரப்பிச் சங்கிலியைக் காப்பாற்றினார். 1945 ஜனவரி 18-ல் காப்பாற்ற ஆளில்லை, தளம் விழுந்து தூண்கள் மட்டும் நின்றன. அந்தத் தூண்களையே வைத்துத் திரும்பக் கட்டி, முதலில் திறந்து சரியாக நூறு ஆண்டு ஆன அன்று, 1949 நவம்பர் 20-ல், திறந்தார்கள். பாலத்தின் முனைகளில் உட்கார்ந்திருக்கும் கல் சிங்கங்களுக்கு நாக்கே இல்லை என்று யாராவது சொல்வார்கள். நாக்கு உண்டு, கீழிருந்து பார்த்தால் தெரியாது, அவ்வளவுதான்.

2021 முதல் 2023 வரை நடந்த பெரிய பழுதுபார்ப்புக்குப் பிறகு தனியார் கார்களை இந்தப் பாலத்தில் விடுவதில்லை. அதனால் நிதானமாக நிற்கலாம், சைக்கிள்காரர்களை மட்டும் பார்த்துக்கொள். படம் எடுக்க வேண்டுமானால் மறுநாள் காலை ஏழு மணிக்கு முன் வா. மாலையில் வந்தால் மனிதத் தலைகள்தான் படத்தில் விழும்.

பூடா முனையில் சுரங்கப்பாதைக்கு எதிரே இருப்பது கிளார்க் ஆடாம் தேர். அந்தச் சுரங்கமும் அவர் கட்டியதுதான். அங்கிருந்து 19 அல்லது 41-ஆம் எண் டிராமில் வடக்கே போ. வழியில் பொத்யானி தேரில் இறங்க நேரமிருந்தால் கரையில் கோஷுத் பாலத்தின் நினைவுக்கல்லைத் தேடு. எல்லாம் உடைந்து கிடந்தபோது எட்டு மாதத்தில் அவசரமாகக் கட்டி 1946 ஜனவரியில் திறந்த தற்காலிகப் பாலம் அது. 1960-ல் பிரித்துவிட்டார்கள், இப்போது கல் மட்டும்தான்.

பிறகு மார்கிட் பாலம். 1876, பிரெஞ்சுப் பொறியாளர் எர்னெஸ்ட் கூவான். நடுவில் முழங்கை மடிந்த மாதிரி வளைந்திருக்கும். மார்கிட் தீவின் முனையில் ஆறு இரண்டாகப் பிரிவதால், ஒவ்வொரு கிளைக்கும் செங்குத்தாக ஒவ்வொரு பாதியை வைத்தார்கள். தண்ணீர் தூணில் சாய்வாக மோதினால் அடிமண் அரித்துப்போகும், அதற்காக. 1944 நவம்பர் 4-ல், வெடி வைத்துக்கொண்டிருக்கும்போதே பெஸ்ட் பக்கம் வெடித்தது. பட்டப்பகல், டிராமிலும் நடைபாதையிலும் மக்கள். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று போ. நாடாளுமன்றத்துக்கும் சங்கிலிப் பாலத்துக்கும் நடுவே பெஸ்ட் கரையில் இரும்பில் வார்த்த 60 ஜோடிச் செருப்புகள் இருக்கின்றன, ஆற்றோரம் நிறுத்திச் சுடப்பட்ட யூதர்களுக்காக. அதையும் மறுநாள் காலையில் பார், அதனுள் காலை விட்டுப் படம் எடுக்கிறவர்களைப் போல நடந்துகொள்ளாதே.

மழை பலமாகப் பெய்து ஆறு ஏறியிருந்தால் கீழ்க்கரைச் சாலைகளை மூடிவிடுவார்கள், நாடாளுமன்றம் அருகே 2-ஆம் எண் டிராமும் நிற்கும். கிளம்புமுன் பார்த்துக்கொள்.

அது ஓடுகிறதென்றால், மார்கிட் பாலத்தின் பெஸ்ட் முனையில் யாசாய் மாரி தேரில் ஏறி வலது பக்க ஜன்னலோரம் உட்கார். ஆறு மணி வாக்கில் இருட்டத் தொடங்கும், விளக்கு எரியும் நேரமாக ஏறு. நீ பகலில் நடந்த பாலங்கள் ஒவ்வொன்றாக வரும். ஃபோவாம் தேரில் இறங்கினால் மெட்ரோ அங்கேயே இருக்கிறது. ஆற்றுக்காற்று குளிரும், கழுத்துக்குத் துணி எடுத்துக்கொள். அறைக்குப் போனதும் ஒரு வார்த்தை பேசு.

அன்புடன்,
அம்மா