பொருள்: 0.22 டார்கெட் ரைஃபிளின் பேரல் (குழல்) குறைபாடு – நான்காவது முறையாக எழுதும் புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்கள்,
சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த நவம்பர் மாதம் 4,85,000 ரூபாய் செலுத்தி உங்கள் நிறுவனத்தின் வழியாக நான் வாங்கிய 0.22 லாங் ரைஃபிள் டார்கெட் ரைஃபிளைப் பற்றி இதுவரை மூன்று கடிதங்களும் பதினோரு மின்னஞ்சல்களும் அனுப்பியிருக்கிறேன். மின்னஞ்சல்களில் ஏழுக்கு எழுத்து மாறாமல் ஒரே பதில்தான் வந்தது: “பேரலைச் சுத்தம் செய்து, திருகுகளை நன்றாக இறுக்கிவிட்டு மீண்டும் முயலவும்.” இந்தப் பதிலை எழுதியவர் துப்பாக்கியோடு நீங்களே கொடுத்த கையேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆக்‌ஷனை (தோட்டாவை ஏற்றிச் சுடும் உலோகப் பகுதியை) ஸ்டாக்கோடு (தோளில் வைக்கும் கட்டையோடு) பிணைக்கும் இரண்டு திருகுகளையும் 5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. “நன்றாக இறுக்குவது” என்ற அளவு எந்த ரெஞ்சிலும் கிடையாது. நீங்கள் விற்கும் பொருளை நீங்கள் அறிந்திருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் நான் பணம் கட்டினேன்.

குறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 50 மீட்டரில், பெஞ்சில் வைத்து, காற்று அசையாத காலை ஆறு மணிக்குச் சுட்டாலும், பத்துத் தோட்டா குரூப் (அட்டையில் விழும் துளைகளின் கூட்டம்), மிகவும் விலகிய இரண்டு துளைகளின் நடுவுக்கு நடு அளந்தால், 26 மில்லிமீட்டருக்குக் கீழே ஒரு முறைகூட வரவில்லை. மோசமான நாளில் 34 வருகிறது. இலக்கு அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், குண்டின் விட்டம் 5.6. கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், 16 மில்லிமீட்டருக்குள் சுடும் துப்பாக்கியைச் சரியாக நடுவில் நிறுத்தினால் பத்தும் பத்தாகவே விழும். இருபத்தாறு சுடும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, எவ்வளவு அசையாமல் படுத்துச் சுட்டாலும், எந்தத் தோட்டா ஒன்பதுக்குப் போகும் என்பதை நான் முடிவு செய்ய முடியாது. பேரல்தான் முடிவு செய்கிறது.

“தோட்டா பொருந்தவில்லை” என்று உங்கள் சேவைப் பிரிவு சொல்லும் என்று எதிர்பார்த்தே அந்தச் சோதனையையும் முடித்துவிட்டேன். ஒரே பிராண்டு, ஒரே பெட்டி நிறம் என்றாலும், ஒரு லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) பிடிக்கும் பேரலுக்கு அடுத்த லாட் பிடிக்காமல் போகலாம் என்பது ரிம்ஃபயர் (இந்த 0.22 வகைத் தோட்டா) சுடும் எவருக்கும் முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும் விஷயம். எலே டெனெக்ஸில் இரண்டு லாட், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50, லாபுவா சென்டர்-எக்ஸ், எஸ்.கே. என ஐந்து லாட்களைச் சேகரித்தேன். பிராண்டு மாறும்போது குண்டின் மேலுள்ள மெழுகும் மாறுவதால், ஒவ்வொரு முறையும் பதினைந்து தோட்டாக்களைப் பேரல் பழகுவதற்காகவே சுட்டுவிட்டு, அதன் பிறகு ஐந்து குரூப் வீதம் சுட்டேன். என் கண்ணைக் குறை சொல்லக் கூடாது என்பதற்காக டயாப்டரை (கண்ணருகே இருக்கும், துளை வழியே குறிபார்க்கும் கருவியை) கழற்றி, 24 மடங்கு ஸ்கோப்பைப் பொருத்தினேன். திருகுகளை 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை அரை அரையாக ஏற்றிப் பார்த்தேன். கிளப்பில் இருக்கும் பழைய அன்சூட்ஸ் ரைஃபிளை அதே பெஞ்சில், அதே டெனெக்ஸ் லாட்டைப் போட்டு, அதே காலையில் சுட்டபோது 14 மில்லிமீட்டர் வந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட தோட்டாக்கள், எல்லாம் இறக்குமதி, எல்லாம் என் உரிமத்தில் குறித்த ஒதுக்கீட்டுக்குள் அடங்க வேண்டியவை, இந்த ஒரு பேரலுக்காகக் கரைந்துவிட்டன.

இவ்வளவையும் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் அலுவலர் கொடுத்த பதிலை இங்கே எழுதாமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. “வீட்டில் ஆம்பிளைங்க யாராவது இருந்தா பேசச் சொல்லுங்கம்மா, அவங்ககிட்ட விளக்கிச் சொல்றேன்” என்றார். பதினோரு ஆண்டுகளாக 50 மீட்டர் ப்ரோன் (படுத்துச் சுடும் பிரிவு) சுடுகிறேன். துப்பாக்கி என் பெயரில், உரிமம் என் பெயரில், நீங்கள் கொடுத்த ரசீதும் என் பெயரில். அதில் எந்த ஆணிடம் அவர் எதை விளக்கப் போகிறார்? பேரல் சரியில்லை என்று ஒரு பெண் சொன்னால் அது நம்பத்தகாத தகவலாகிவிடுமா? அந்த உரையாடலின் தேதியும் நேரமும் என்னிடம் குறித்து வைக்கப்பட்டுள்ளன. அவர் பெயரை இக்கடிதத்தில் எழுதாமல் இருப்பது உங்கள் மேல் இன்னும் மிச்சமிருக்கும் மரியாதையால்தான்.

மே மாதம் 14ஆம் தேதியை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அன்று காலை பத்து மணிக்குத் துப்பாக்கியோடு வரும்படி உங்கள் சேவைப் பிரிவே மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. வங்கியில் விடுப்பு எடுத்து, பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் துப்பாக்கிப் பெட்டியின் கைப்பிடியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு உறங்காமல் வந்து, எழும்பூரில் இறங்கி, பத்து மணிக்கு உங்கள் வாசலில் நின்றேன். “உட்காருங்க மேடம், டெக்னீஷியன் வந்துடுவார்” என்றார்கள். உட்கார்ந்தேன். துப்பாக்கியைக் கண்ணில் படாத இடத்தில் விட்டுவிட்டு ஓர் அடி நகரக்கூடாது என்பது உரிமம் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். ஆயுதம் விற்கும் உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அந்தப் பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தியபடி, பகல் உணவுக்குப் போக முடியாமல், கழிப்பறைக்குப் போகவும் முடியாமல், மாலை ஐந்து மணி வரை, ஏழு மணி நேரம் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாதுகாப்பாக வைத்துப் பூட்ட ஒரு அலமாரி இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டேன். ஐந்து மணிக்கு ஒருவர் வந்து, டெக்னீஷியன் முந்தின நாளே போட்டி ஒன்றுக்காக வெளியூர் போய்விட்டதாகவும், “உங்களை இன்னைக்கு யார் வரச் சொன்னது?” என்றும் கேட்டார். கையிலிருந்த உங்கள் மின்னஞ்சல் நகலைக் காட்டினேன். அதை வாங்கிப் பார்க்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

இந்த ரைஃபிளை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முக்கியமான விஷயம் அதில்தான் இருக்கிறது. மூன்று ரைஃபிள்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றின் கன்னத் தாங்கி எனக்குப் போதிய உயரம் வரவில்லை. இன்னொன்றில் பட் பிளேட்டை (தோளில் பதியும் தகட்டை) எவ்வளவு உள்ளே தள்ளினாலும் என் கைக்கு நீளமாகவே இருந்தது. உங்களுடையது உடம்போடு பொருந்தியது. ட்ரிக்கரின் இரண்டாம் நிலை கண்ணாடிக் குச்சி முறிவதுபோலச் சுத்தமாக விடுபட்டது. அதில் இன்றைக்கும் எனக்குக் குறையில்லை. ஆனால் முடிவெடுக்க வைத்தது பெட்டிக்குள் இருந்த தொழிற்சாலைச் சோதனை அட்டை. 50 மீட்டர், பத்துத் தோட்டா, 12.5 மில்லிமீட்டர். “இந்தப் பேரலில் சுட்டதுதான் மேடம்” என்று உங்கள் விற்பனையாளர் விரலால் தொட்டுக் காட்டினார்.

அது இந்தப் பேரலில் சுட்டது இல்லை. அட்டையின் மூலையில் உள்ள வரிசை எண்ணும் ஆக்‌ஷனில் பொறித்துள்ள எண்ணும் கடைசி இரண்டு இலக்கங்களில் வேறுபடுகின்றன. என் உரிமம், உங்கள் ரசீது, துப்பாக்கி ஆகிய மூன்றிலும் ஒரே எண். அட்டையில் மட்டும் வேறு எண். வேறு யாருடைய துப்பாக்கியின் சோதனையையோ காட்டி எனக்கு இதை விற்றிருக்கிறீர்கள். இதைப் பிப்ரவரி மாதக் கடிதத்திலேயே படத்தோடு எழுதினேன். இன்றுவரை ஒரு வார்த்தை பதில் இல்லை.

கோளாறு எங்கே இருக்கிறது என்பதையும் என்னால் இயன்ற அளவு பார்த்துவிட்டேன். முப்பது தோட்டா சுட்ட பிறகு பேரலின் வாயில் ஈயமும் மெழுகும் சேர்ந்து பூவிதழ்கள் போல ஒரு படிவு உண்டாகும். நல்ல பேரலில் இதழ்கள் எல்லாப் பக்கமும் ஒரே நீளத்தில் இருக்கும். இதில் கடிகாரத்தின் நான்கு மணி இருக்கும் பக்கத்தில் ஓர் இதழ் மட்டும் இரண்டு மடங்கு நீண்டிருக்கிறது. நகை பார்க்கும் லென்ஸை வைத்துப் பார்த்தால் அதே இடத்தில் கிரவுனின், அதாவது பேரல் வாயின், விளிம்பில் மயிரிழை போன்ற ஒரு பிசிறு தெரிகிறது. பஞ்சுக் குச்சியைச் சுற்றினால் அங்கே மட்டும் நூல் மாட்டிக்கொள்கிறது. குண்டின் அடிப்பாகம் பேரலைக் கடைசியாகத் தொடுவது அந்த விளிம்பைத்தான். அங்கே ஒரு பக்கம் வாயு முந்திக்கொண்டு வெளியேறினால் குண்டு சாய்ந்துதான் போகும். பத்தில் ஏழு தோட்டா ஒன்றாகக் கூடுவதும், மூன்று மட்டும் விலகிப் போவதும் அதனால்தான் என்று கருதுகிறேன். என் கணிப்பு தவறாக இருந்தால், ஃபிக்ஸ்சரில் (துப்பாக்கியை அசையாமல் பிடிக்கும் தாங்கியில்) மாட்டிச் சுட்டுக் காட்டி, தவறு என்று எழுதிக் கொடுங்கள். ஏற்றுக்கொள்கிறேன். பார்க்கவே மாட்டோம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

லண்டன் ஒலிம்பிக்கில் 2012இல் 50 மீட்டர் ப்ரோன் இறுதிப் போட்டியில் ஜாய்தீப் கர்மாகர் வெண்கலத்தை 1.9 புள்ளியில் இழந்து நான்காம் இடத்தோடு திரும்பினார். 2024இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் த்ரீ பொசிஷனில் (மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் பிரிவு) வெண்கலம் வாங்கிய அன்று இரவுதான், இனி கிளப் துப்பாக்கியை நம்பியிருக்கக் கூடாது, சேமிப்பு முழுவதையும் போட்டாவது சொந்த ரைஃபிள் வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். இந்த விளையாட்டில் தசமப் புள்ளிக்கு என்ன மதிப்பு என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த ஆண்டு மாநிலப் போட்டியில் மூன்று புள்ளியில் தகுதி இழந்தேன். அந்த மூன்று புள்ளியோடு என் பதினோரு ஆண்டு உழைப்பும், என் குடும்பம் எனக்காக விட்டுக்கொடுத்த எல்லாமும் போய்விட்டன. இதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது.

“வேறு துப்பாக்கி வேண்டுமானால் தருகிறோம்” என்று ஒருமுறை வாய்மொழியாகச் சொன்னீர்கள். என் உரிமத்தில் இந்த எண் பதிவாகியிருக்கிறது. எண் மாறினால் அலுவலகம் அலுவலகமாக நான்தான் மறுபடியும் அலைய வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்துத்தான் சொன்னீர்களா?

உங்களிடம் நான் பணிவோடு கேட்பவை இவைதான். 15 நாட்களுக்குள் ஒரு தேதியைக் குறித்து, அன்று டெக்னீஷியன் இருப்பார் என்று கையொப்பத்தோடு எழுதி அனுப்புங்கள்; என் முன்னால் துப்பாக்கியை ஃபிக்ஸ்சரில் மாட்டிச் சுட்டு, இதே துப்பாக்கியின் எண் எழுதிய சோதனை அட்டையைக் கொடுங்கள்; கிரவுனை உங்கள் செலவில் புதிதாகச் சீவித் தாருங்கள்; அதன் பிறகும் குரூப் சரியாகாவிட்டால் பேரலை மாற்றி, அதற்கு வேண்டிய ஆவணப் பணிகளை நீங்களே பொறுப்பேற்று முடித்துத் தாருங்கள். என்னிடம் அப்படிப் பேசிய அலுவலர் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வாய்மொழி வருத்தம் எனக்கு வேண்டாம்.

இது நடக்காவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, நான் குடியிருக்கும் மதுரையிலேயே மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடர எனக்கு உரிமை உண்டு. அதற்கு இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. அங்கே துப்பாக்கியின் விலையோடு தோட்டாச் செலவு, மூன்று பயணச் செலவு, மன உளைச்சல் எல்லாவற்றையும் சேர்த்தே கேட்பேன். எண் பொருந்தாத சோதனை அட்டையை உரிமம் வழங்கும் அதிகாரியின் பார்வைக்கும் கொண்டு செல்வேன். அந்த நிலைக்குப் போக எனக்கு விருப்பமில்லை; அடுத்த மாநிலப் போட்டிக்கு இன்னும் சில மாதங்களே இருக்கின்றன, எனக்குத் தேவை சுடுகிற துப்பாக்கி.

அடுத்த முறை வரும்போது துப்பாக்கிப் பெட்டியை வைத்துப் பூட்ட ஓர் அலமாரியையும் தயவுசெய்து ஏற்பாடு செய்து வையுங்கள்.

இணைப்பு: சோதனை அட்டையின் நகல், ஆக்‌ஷன் எண்ணின் படம், இருபத்தைந்து குரூப்களின் அட்டைகள், கிரவுனின் படம், மே 14ஆம் தேதிக்கான உங்கள் மின்னஞ்சல்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.