சுரங்க ஊர்களில் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி

வணக்கம்.

நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஜனவரி 26 கிராம சபையில் தொடங்கிய எங்கள் பிரசாரம், மே 1 கிராம சபையோடு ஒரு கட்டத்தை எட்டியிருக்கிறது. நாடு நிலக்கரியை விட்டு விலகும்போது, இத்தனை காலம் அந்த நிலக்கரியை நம்பி வாழ்ந்தவர்களை நடுத்தெருவில் விட்டுவிடக் கூடாது என்பதுதான் எங்கள் கோரிக்கை. சில ஊராட்சிகளில் அது தீர்மானமாகவே பதிவாகியிருக்கிறது. சில ஊர்களில் காரசாரமான விவாதத்தோடு நின்றது. தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களுக்கும் எழுந்து நின்று கேள்வி கேட்டவர்களுக்கும் சேர்த்தே இந்த மடல்.

முதல் நன்றி, துப்புரவு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் அக்காமார்களுக்கு. பெயர்ப் பதிவேடு என்ற யோசனை அவர்களுடையது. இழப்பீடு, மாற்று வேலை, பயிற்சி என்று எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் காகிதத்தைத்தான் கேட்பார்கள். நிரந்தர ஊழியருக்குப் பணியாளர் எண் இருக்கிறது, நிலம் கொடுத்தவருக்குப் பட்டா இருந்தது. குத்தகைக்கு உழுதவருக்கும், அந்த நிலத்தில் களை பறித்தவருக்கும், ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் புது ஆளாகச் சேர்க்கப்படும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும், சுரங்க வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் என்ன இருக்கிறது? "எங்க பேரை நாங்களே எழுதிக்கிறோம்" என்றார் ஒரு அக்கா. ஷிப்ட் முடிந்த பிறகு வீடு வீடாகப் போய், பெயர், வேலை, எந்த ஆண்டிலிருந்து, யாரிடம், பி.எஃப். பிடித்தார்களா என்று நோட்டுப் புத்தகங்களில் எழுதி வாங்கி வந்தார்கள். இந்தப் பிரசாரத்தில் நடந்த வேலைகளிலேயே பெரிய வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த நோட்டுகளைக் காசு வாங்காமல் நகலெடுத்துக் கொடுத்த மந்தாரக்குப்பம் ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும் நன்றி.

அடுத்து, முதல் கூட்டத்திலேயே எங்களை மடக்கிய மூத்த தொழிற்சங்கத் தோழர். "சுரங்கத்தை மூடச் சொல்ல வந்திருக்கீங்களா?" என்று நேராகவே கேட்டார். 1962இல் ஓடத் தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல் மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டதைக் கண்ணெதிரே பார்த்த ஊர் இது. மூடல் என்ற சொல் இங்கே வயிற்றில் புளியைக் கரைக்கும். 2070க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு, அதாவது வெளிவிடும் கரியமில வாயுவையும் உறிஞ்சப்படுவதையும் சமன் செய்வோம் என்று 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா அறிவித்துவிட்டது, தேதி முன்னே பின்னே ஆனாலும் திசை மாறாது, எனவே திட்டத்தை இப்போதே கேட்டு வாங்குவோம் என்று நாங்கள் சொன்னோம். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்கு வந்தார், அதற்கடுத்ததற்கும் வந்தார். "மாற்று வேலை கையில் கிடைத்த பிறகே பழைய வேலை நிற்க வேண்டும்" என்று எங்கள் தீர்மானத்தில் இருக்கும் வரி அவர் சொல்லி எழுதியது.

அவரோடு ஒரே பாயில் உட்கார்ந்த நிலம் கொடுத்த குடும்பங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சுரங்கம் விரியக் கூடாது என்பது அவர்கள் கவலை, சுரங்கம் சுருங்கக் கூடாது என்பது தொழிலாளர் கவலை. இரண்டும் நியாயம்தான். இவ்வளவு காலம் எதிரெதிர் வரிசையில் நின்றவர்கள் ஒரு தீர்மானத்துக்குச் சேர்ந்து கை தூக்கியது லேசுப்பட்ட காரியம் இல்லை.

தண்ணீர்ப் பிரச்சினையை எங்களுக்குப் புரியவைத்தவர் ஓய்வு பெற்ற பம்பு ஆபரேட்டர் ஐயா. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. இரவு பகலாக இறைக்காவிட்டால் அது சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். இறைக்கிற நீரில் ஒரு பகுதிதான் வாய்க்கால் வழியாக வாலாஜா ஏரிக்கும் சுற்றுப்புற வயல்களுக்கும் போகிறது. சுரங்கம் நின்றால் பம்பு நிற்கும், பம்பு நின்றால் வாய்க்கால் நிற்கும். அந்தத் தண்ணீரை நம்பி நடவு செய்கிறவர் என்ன செய்வார்? தோண்டிய பள்ளங்களில் நீர் ஏறினால் யார் பொறுப்பு, மண்மேடுகளை யார் பராமரிப்பது? ஐயா கேட்ட இந்தக் கேள்விகளை, நிலக்கரியிலிருந்து சூரிய மின்சாரம் போன்றவற்றுக்கு மாறும் பசுமை மாற்றம் பற்றிப் பேசுகிற எந்த மேடையிலும் அதுவரை நான் கேட்டதில்லை. சூரியத் தகடு பதிப்பதோடு முடிந்துவிடுகிற விஷயம் இல்லை இது. தகடு பதிக்கும் வரை நிறையப் பேருக்கு வேலை இருக்கும், பதித்த பிறகு காவலுக்கும் துடைப்பதற்கும் சிலர் போதும். அதையும் அவரே சொன்னார்.

வெளிநாட்டு அனுபவங்களைத் தமிழில் சொல்லித் தந்த ஆராய்ச்சி மாணவிக்கு நன்றி. ஸ்பெயினில் 2018இல் அரசும் சுரங்கத் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் பெரும்பாலான நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டன. 25 கோடி யூரோ ஒதுக்கினார்கள், 48 வயது தாண்டியவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்தார்கள். தென் ஆப்பிரிக்காவின் கோமாட்டி அனல் மின் நிலையம் 2022 அக்டோபரில் நின்றபோது நிரந்தர ஊழியர்களுக்கு வேறு நிலையங்களில் இடம் கிடைத்தது, ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலையை இழந்தார்கள். கோமாட்டி கதையை அவர் சொல்லி முடித்ததும் கூட்டத்தில் யாருக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. பதிவேட்டில் பெயர் எழுதத் தயங்கியவர்கள் அன்று மாலையே வந்து எழுதினார்கள்.

மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. 2015இல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த ஏற்பாடு அது. சுரங்கம் நடத்துகிறவர்கள் அரசுக்குக் கட்டும் ராயல்டி என்ற கனிமக் கட்டணத்துக்கு மேல் ஒரு பங்கை அதில் செலுத்த வேண்டும், பாதிக்கப்பட்ட மக்களின் குடிநீர், மருத்துவம், கல்வி, தொழில் பயிற்சிக்கு அதைச் செலவிட வேண்டும். இதைப் பொறுமையாக விளக்கி, கிராம சபைத் தீர்மானத்தை எப்படி எழுதினால் தள்ள முடியாது என்று வரி வரியாகத் திருத்திக் கொடுத்த இளம் வழக்கறிஞர்கள் இருவருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அப்புறம் சாப்பாடு. நடந்து போன ஊர்களில் முந்திரி உடைக்கும் பெண்கள் தங்கள் கூலி நேரத்தை விட்டுவிட்டு எங்களுக்குக் கூழும் ஊறுகாயும் கொடுத்தார்கள். உடைக்கிற அளவுக்குத்தான் அவர்களுக்குக் கூலி என்பதால் அது எவ்வளவு பெரிய செலவு என்று தெரியும். வடலூர் பக்கம் போனபோதெல்லாம் சத்திய தருமச்சாலையில் பசியாறினோம். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்றும் எரிகிறது. எந்தக் கொடி, எந்த ஊர் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

எங்களுக்கு இடம் தர மறுத்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் அவரவர் நெருக்கடி இருந்திருக்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி நேரத்தில் தன் வீட்டுக் களத்தைத் திறந்துவிட்ட பாட்டியைத்தான் மறக்க முடியாது.

இனி நடக்க வேண்டியது: பதிவேட்டின் நகலோடும் தீர்மானங்களோடும் கடலூர் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறோம். விடுபட்ட பெயர்களைச் சேர்க்கும் வேலை நிற்காது. குறிப்பாகக் குத்தகைதாரர்களும் விவசாயக் கூலிகளும் இன்னும் நிறையப் பேர் எழுதவில்லை. தீர்மானம் விவாதத்தோடு நின்ற ஊர்களில் ஆகஸ்ட் 15 கிராம சபையில் மறுபடி கொண்டுவருவோம். படிவம் வேண்டுவோர் உங்கள் ஊர்ப் பொறுப்பாளரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுக்க ஞாயிறு மாலைகளில் ஆள் இருப்பார்கள்.

நன்றியுடன்,
பிரசாரக் குழுவின் சார்பில்