மாண்டரின் சீனச் சொல் அன்று

ஆசிரியருக்கு,

உலக மொழிகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, சீனாவின் பொதுமொழியைக் குறிக்கும் 'மாண்டரின்' என்பதைச் சீனச் சொல் என்கிறது. அது சரியன்று. 'மந்திரின்' என்ற வடசொல் மலாயில் 'மென்தெரி' ஆகி, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வாயில் 'மந்தரிம்' ஆனது. ஆணையிடுதலைக் குறிக்கும் அவர்களது 'மந்தார்' என்ற வினையும் இந்தத் திரிபுக்குக் கைகொடுத்திருக்கிறது. நம் 'மந்திரி'க்கும் அதே வேர்தான். சீன அரசு அதிகாரிகளை ஐரோப்பியர் இப்படி அழைக்க, அந்த அதிகாரிகள் பேசிய பொதுமொழிக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. சீனர்களோ அதிகாரியை 'குவான்' என்றும் அந்தப் பேச்சை 'குவான்ஹுவா' என்றுமே சொன்னார்கள். இன்றைய சீனாவில் பொதுமொழியின் பெயர் 'புதோங்ஹுவா'.

மொழிபெயர்ப்புச் செய்திகளைத் திருத்தும்போது அடிக்கடி தட்டுப்படுவது இன்னொரு பிழை: ஹாங்காங் கடைப் பலகையைக்கூட 'மாண்டரின் எழுத்து' என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே பெரும்பாலோர் பேசுவது கான்டனீஸ் என்ற வேறொரு சீனப் பேச்சுமொழி. பலகையில் இருப்பது சீன எழுத்து. பேச்சுக்கு மட்டும் 'மாண்டரின்', எழுத்துக்குச் 'சீன எழுத்து' எனத் தங்கள் ஆசிரியர் குழு ஒரு வரையறை வகுத்துக்கொள்ளலாம்.