முன்னாள் படைவீரர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சங்க உறுப்பினர்களுக்கும், வீரமரணம் அடைந்தோரின் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

டிசம்பர் 7 கொடிநாள் வசூல், டிசம்பர் 16 வெற்றி நாள், ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. வரவு செலவு பொருளாளரின் அறிக்கையில் உள்ளது. ஜூலை 26 கார்கில் வெற்றி நாள் வீரவணக்கத்தை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன். அடுத்துப் பொறுப்பேற்கும் இளையவர்களுக்கு இது கையில் இருக்க வேண்டும்.

நினைவுத் தூண் முன் நடந்த வரிசை: தமிழ்த்தாய் வாழ்த்து (55 விநாடி), பெயர் வாசிப்பு, மலர்வளையம், லாஸ்ட் போஸ்ட் (மறைந்த வீரர்களுக்கு விடைகொடுக்கும் பியூகிள் இசை), இரண்டு நிமிட மௌனம், ரவுஸ் (மௌனம் முடிந்ததும் ஒலிக்கும் பியூகிள் இசை), நாட்டுப்பண் (52 விநாடி). பியூகிள் என்பது ராணுவ ஊதுகொம்பு. உரைகளை அரங்கத்துக்குள் தனியாக வைத்தோம். வயதான தாய்மாரையும் வீரர்களின் மனைவியரையும் வெயிலில் உட்காரவைத்துவிட்டுச் சொற்பொழிவு நடத்துவது மரியாதையாகாது.

நிகழ்ச்சியின் உயிர் பெயர் வாசிப்பில்தான் இருக்கிறது. பதவி வரிசையில் அல்ல, வீரமரணம் அடைந்த தேதி வரிசையில் வாசிக்கிறோம். சிப்பாயும் மேஜரும் அங்கே சமம். பதவி, பெயர், படைப்பிரிவு, ஆண்டு ஆகிய நான்கும் போதும். நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு ராணுவ ஆவணத்தில் தந்தை பெயரே குடும்பப் பெயராக ஏறியிருக்கும். ஆங்கிலப் பட்டியலைப் பார்த்து வாசிப்பவர் மகனை விட்டுவிட்டுத் தந்தையின் பெயரைச் சொல்லிவிடுவார். முன்வரிசையில் இருக்கும் தாய்க்கு அது எப்படி இருக்கும்? ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசி, அவர்கள் அழைக்கும் விதத்திலேயே தமிழில் எழுதி, வாசிப்பவரைச் சத்தமாகப் படிக்கவைத்துப் பார்க்க வேண்டும்.

மலர்வளையம் இரண்டரை அடி விட்டத்துக்கு மேல் வேண்டாம். பெரிதானால் காற்று பிடிக்கும், வளையத்தைத் தாங்கும் முக்காலி சாயும். பின்காலில் மணல் மூட்டை வைத்துக் கட்டுங்கள். ஈர ஸ்பாஞ்சில் பூக்குத்தினால் நீர் வடிந்து ரிப்பனில் மையெழுத்து கரையும், எனவே எழுத்தை அச்சிடச் சொல்லுங்கள். வளையத்தை வைத்தவர் ஓரடி பின்வாங்கி நிற்க வேண்டும். தொப்பி அணிந்த முன்னாள் வீரர் சல்யூட் அடிக்கலாம். தொப்பி இல்லாதவர் அட்டென்ஷனில் நின்றால் போதும்.

பியூகிள் வாசிப்பவர் கிடைத்தால் அதுவே சிறப்பு. அவர் சற்றுத் தள்ளி நின்று முன்னதாகவே ஊதிப் பழகிக்கொள்ளட்டும். காய்ந்த உதட்டில் மேல்சுரம் உடையும். பதிவை ஒலிக்கச் செய்வதானால் லாஸ்ட் போஸ்ட்டும் ரவுஸும் தனித்தனிக் கோப்பாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த பதிவுகளில் இடையில் வரும் மௌனத்தைச் சுருக்கியிருப்பார்கள். கைப்பேசியை ஃப்ளைட் மோடில் போடுங்கள். மௌனத்தை ஒருவர் கடிகாரம் பார்த்தே கணக்கிட வேண்டும், உத்தேசமாக விட்டால் ஒரு நிமிடத்திலேயே கலைந்துவிடும்.

தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடலாமே என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். அரசு துக்கம் அறிவித்தால் மட்டுமே அது முறை. திறக்கவிருக்கும் படத்தையோ தூணையோ கொடியால் மூடுவதும் கொடிச் சட்டத்துக்கு முரண். அதற்கு வெள்ளைத் துணி போதும்.

பதக்கங்களை முன்னாள் வீரர்கள் இடப்பக்க மார்பிலும், மறைந்தவரின் பதக்கத்தைக் குடும்பத்தார் வலப்பக்க மார்பிலும் அணிய வேண்டும். அழைப்பிதழிலேயே இதை அச்சிட்டதால் அன்று குழப்பம் இல்லை.

அரங்க வாசலில் ஓய்வூதிய உதவி மேசை ஒன்று போட்டோம். படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஆயுள் சான்று பதிய ஆதார், ஓய்வூதிய ஆணை எண், கைப்பேசி மூன்றும் வேண்டும். மூதாட்டியர் பலரின் விரல்ரேகை தேய்ந்து பதிவாகாது. அவர்களுக்கு முகப்பதிவு முறையே கைகொடுக்கிறது.

வரும் ஆண்டுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் கோருபவை: பெயர்ப் பதிவேட்டை மே மாதத்துக்குள் குடும்பத்தாரிடம் மறுபடி சரிபார்ப்பது, நடக்க இயலாத தாய்மாருக்கு வாகன ஏற்பாடு, தூணுக்கு அருகில் நிழற்பந்தல்.

செயலாளர்