இணைய வேகத்தின் மேல் ஏன் பழி?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வார இணைப்பிதழில் வந்த கணினிக் கேள்வி-பதில் பகுதியைப் படித்தேன். நண்பர்களுடன் ஆடும் வியூக விளையாட்டில் மாட்களை (விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்கள் எழுதும் கூடுதல் கோப்புகளை) சேர்த்த பிறகு, ‘ஒத்திசைவு தவறியது’ என்ற அறிவிப்போடு ஆட்டம் பாதியில் நின்றுவிடுவதாக ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேகமான இணைய இணைப்புக்கு மாறச் சொல்லிவிட்டது பதில். அவரும் செலவு செய்து மாறுவார். அடுத்த ஆட்டமும் நிற்கும். எங்கள் குழுவின் வார இறுதி ஆட்டங்களுக்கு ஹோஸ்ட், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி மற்றவர்களைச் சேர்த்துக்கொள்பவர், நான்தான் என்பதால் பேசாமல் இருக்க முடியவில்லை.

இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் படைகள் எங்கே நிற்கின்றன என்ற தகவல் இணையத்தில் போவதே இல்லை. தபாலில் ஆடும் சதுரங்கம் மாதிரி, நகர்த்தல் மட்டும்தான் போகும். பலகை அவரவர் வீட்டில். கட்டளையைப் பெற்ற ஒவ்வொரு கணினியும் தானே கணக்குப் போட்டு ஒரே விடைக்கு வந்தாக வேண்டும். 1997இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், 28.8 கிலோபிட் மோடம் காலத்தில் எட்டுப் பேரைச் சேர்ந்து ஆட வைத்தது இந்த வழியில்தான். இணைப்பு தடுமாறினால் ஆட்டம் காத்திருக்கும், எல்லோருக்கும் மந்தமாகும். ஆனால் ஆளுக்கொரு ஆட்டமாகப் பிரியாது. பிரிந்தால் கோளாறு கணக்கில்.

அந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் பின்னாளில் ஒரு மானை உதாரணம் காட்டினார்கள். வரைபடம் உருவாகும்போது ஒரு கணினியில் மட்டும் மான் இம்மியளவு விலகி நின்றால், அது மேயும் விதம் மாறும். சில நிமிடங்களில் வேட்டைக்குப் போனவனின் ஈட்டி குறி தவறும். ஒரு திரையில் அவன் இறைச்சியோடு வருவான், இன்னொன்றில் வெறுங்கையோடு. கோளாறு கண்ணில் படும் நேரத்தில் மானின் நினைவு யாருக்கு இருக்கும்?

மாட்கள் இந்த மானைப் பல உருவங்களில் கொண்டுவருகின்றன. எங்கள் குழுவில் ஒருவருடைய கணினியில் மட்டும் ஒரு மாட் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. ஒரு குதிரைப் படையின் விலை மாறியிருந்தது, அவ்வளவுதான். என் திரையில் விழுந்த கோட்டை அவர் திரையில் கம்பீரமாக நின்றது. மாட்களை ஏற்றும் வரிசை மாறினாலும் இதே கதி. இவற்றையாவது கண்டுபிடித்துவிடலாம். மாட் எழுதியவரின் நிரலே, ஆடுபவர் யார், கணினியின் மொழி என்ன, மணி என்ன என்று பார்த்து ஆட்டத்தின் நிலையை மாற்றினால், எல்லோரிடமும் ஒரே கோப்புகள் இருந்தும் ஆட்டம் பிரியும். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 என்ற வியூக விளையாட்டு முகப்பில் காட்டும் நான்கெழுத்துச் சரிபார்ப்புக் குறி, கோப்புகள் ஒன்றுதானா என்று சொல்லும்; நிரல் ஒழுங்காக எழுதப்பட்டதா என்று அதற்கு எப்படித் தெரியும்?

கேள்வி கேட்டவர் செய்ய வேண்டியது வேறு. அறிவிப்பு வந்த பிறகு ‘இன்னும் கொஞ்சம் ஆடிப் பார்ப்போம்’ என்று இழுக்கக் கூடாது, அது வீண்வேலை. ஹோஸ்ட் ஆட்டத்தைச் சேமித்து, தான் உட்பட அனைவரும் வெளியேறி, அந்த ஒரே சேமிப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பிரிந்தவர் மட்டும் வெளியே போய்த் திரும்பி வருவது சில விளையாட்டுகளில் போதாது. சேமிப்பில் பதியாத ஏதோ ஒரு மதிப்பு மற்றவர்களின் நினைவகத்தில் தங்கியிருந்தால் மீண்டும் அதே கதைதான். மாட் கோப்புறையை ஹோஸ்ட் மொத்தமாகச் சுருக்கி எல்லோருக்கும் கொடுத்து, தானியங்கிப் புதுப்பிப்பை ஆட்டத் தொடர் முடியும்வரை தள்ளிவைப்பதே நாங்கள் பின்பற்றும் வழி. அதற்கும் மசியாவிட்டால் மாட்களில் பாதியை நீக்கி ஆடிப் பார்த்து, குற்றவாளி எந்தப் பாதியில் என்று குறுக்கிக்கொண்டே வரலாம். சலிப்பான வேலைதான். கிடைத்ததும், பிழைப் பதிவுக் கோப்போடு அதை எழுதியவருக்குத் தெரிவியுங்கள். ‘உங்கள் மாட் வேலை செய்யவில்லை’ என்ற ஒற்றை வரியை வைத்து அவர் என்ன செய்வார்?

அடுத்த இதழில் அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த வாசகர் புதிய இணைப்புக்கு இன்னும் பணம் கட்டாமல் இருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்